அப்பத்தாவின் முடிச்சு, அம்மாவின் கொண்டை

மதுரை புதுமண்டபத்துக் கடைகளில் சவுரி கேட்டால், "நாடகத்துக்கா, டான்ஸுக்கா?" என்பதுதான் முதல் கேள்வியாக வரும். "வேலைக்குப் போறதுக்கு" என்பேன். கடைக்காரர் ஒருதரம் என் தலையைப் பார்ப்பார். அப்புறம் உள்ளே போய் நீளமானதாக ஒன்றை எடுத்து வருவார். அந்தக் கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. திருமலை நாயக்கர் கட்டிய மண்டபத்தில் தூணுக்குத் தூண் மிஷின் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தவர்களும் இடம்பெயர்ந்துவிட்டார்கள். கேள்வி மட்டும் மாறவில்லை. பழைய மாதிரி அலங்காரம் என்றால் மேடைக்கு, இல்லாவிட்டால் கல்யாண ஆல்பத்துக்கு. திங்கட்கிழமை காலை வங்கிக் கவுண்ட்டரில் உட்கார்வதற்காக ஒருத்தி சவுரி வாங்குகிறாள் என்பது அவர்களுக்குப் பிடிபடுவதே இல்லை.

எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. முழங்கை வரை கை வைத்த ரவிக்கை, கஞ்சி போட்ட சுங்குடி, தினமும் சாவி கொடுக்கவேண்டிய அம்மாவின் எச்.எம்.டி. கடிகாரம், சவுரி வைத்துச் சுற்றிய கொண்டை: வருஷக்கணக்காக இதுதான் என் உடுப்பு. பணம் கட்ட வரும் பெரியவர்கள் சிலர், "பாரம்பரியத்தை விடாம இருக்கியேம்மா" என்று மெச்சுவார்கள். சிரித்து வைப்பேன். உள்ளுக்குள் கொஞ்சம் சங்கடம்தான். நான் போட்டுக்கொண்டிருப்பதில் பாதி, வந்த புதிதில் வீட்டுக்கு வீடு சண்டை மூட்டிய நாகரிகம். இந்தக் கொண்டைக்காக அம்மா தன் மாமியாரிடம் வாங்கிய பேச்சு கொஞ்சநஞ்சமில்லை. அந்த மாமியார்தான் என் அப்பத்தா.

பழசு என்றால் அப்பத்தாதான் பழசு. கண்டாங்கியைப் பின்கொசுவம் வைத்துக் கட்டும். கொசுவம் முதுகுப்பக்கம் இடுப்புக்கு வெளியே மடிப்பு மடிப்பாக நிற்கும். குனிந்து நாற்று நடவும், களத்தில் நெல் தூற்றவும் காலில் துணி தட்டாது. ரவிக்கை போட்டதே கடைசிக் காலத்தில்தான், அதுவும் ஊருக்குப் பஸ் ஏறினால் மட்டும். காதில் தண்டட்டி. பிறந்த சில நாளிலேயே காது குத்தி, ஓட்டையில் பஞ்சைத் திரியாக உருட்டிச் செருகி, பிறகு ஈயக் குணுக்கு மாட்டி, சோணை தோளைத் தொடுகிற வரைக்கும் இழுத்து வளர்ப்பார்கள். தண்டட்டி பார்க்கத்தான் மலைப்பாக இருக்கும். உள்ளே அரக்கு, மேலே தங்கத் தகடு. அத்தைமார் காலத்தில் அந்தக் காது அவமானமாகிவிட்டது. வளர்த்த சோணையை ஆஸ்பத்திரியில் அறுத்துத் தைத்துக்கொண்டு தோடு மாட்டினார்கள்.

கூந்தலை ஐந்து விதமாக முடிவதை ஐம்பால் என்று சங்கப் பாட்டுகள் சொன்னதை, உரைகாரர்கள் முடி, கொண்டை, சுருள், குழல், பனிச்சை என்று எண்ணி வைத்தார்கள். அப்பத்தாவிடம் இருந்தது ஒன்றே ஒன்று, கோடாலி முடிச்சு. இடது கையால் முடியை அள்ளி, ஒரு முறுக்கு முறுக்கி, அதன் நுனியை அதற்குள்ளேயே செருகிவிடும். ஊசி கிடையாது, ரிப்பன் கிடையாது, கண்ணாடியும் கிடையாது. பேசிக்கொண்டே முடியும், சண்டை போடும்போது அவிழ்த்து மறுபடி முடியும். அந்த முடிச்சை நான் எத்தனையோ தரம் போட்டுப் பார்த்திருக்கிறேன். வாசல் தாண்டுவதற்குள் சரிந்துவிடும். ஷாம்பு போட்ட முடிக்கு அந்தப் பிடிமானம் வராது. அதற்கு விளக்கெண்ணெயும் வெயிலும் வேண்டும்.

ரவிக்கை கதை அவ்வளவு லேசானதில்லை. பழைய படங்களில் கழுத்து மூடிய ரவிக்கையைப் பார்த்து "என்ன அடக்கம்!" என்று யாராவது உருகினால் எனக்கு எரிச்சல் வரும். இன்றைக்குக் கன்னியாகுமரி மாவட்டமாக இருக்கிற தென் திருவிதாங்கூரில், மார்பை மறைத்தார்கள் என்பதற்காக நாடார் பெண்களின் துணியைத் தெருவில் வைத்துக் கிழித்தார்கள். பல பத்தாண்டுகள் நடந்த அந்தத் தோள்சீலைப் போராட்டம், சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யன் நெருக்கிய பிறகு, 1859 ஜூலையில் மகாராஜாவின் உத்தரவில் வந்து நின்றது. அந்த உத்தரவிலும் ஒரு கொக்கி இருந்தது: மேலே துணி போடலாம், ஆனால் உயர்சாதிப் பெண்கள் போடுகிற மாதிரி போடக் கூடாது. ரவிக்கை போடுவதும் போடாததும் யார் கையில் இருந்தது என்பதை மறந்துவிட்டு, கையின் அழகை மட்டும் பேச எனக்கு மனசு வராது. பேசாமலும் இருக்க முடியாது, ஏனென்றால் அந்தக் கை அழகுதான்.

புஃப் கையைச் சொல்கிறேன். தைத்த சட்டையும் உள்பாவாடையுமாகச் சேலை கட்டுகிற வழக்கத்துக்கு ஒரு முகம் கொடுத்தவர் வங்காளத்து ஞானதானந்தினி தேவி. தாகூர் வீட்டு மருமகள். கணவர் சத்யேந்திரநாத்தோடு 1860களில் பம்பாய்ப் பக்கம் போய், பார்சிப் பெண்கள் கட்டுவதைப் பார்த்துத் தன் முறையை உருவாக்கிக்கொண்டார். ரவிக்கையின் கை விக்டோரியா காலத்து இங்கிலாந்திலிருந்து வந்தது. அங்கே கை உப்பினால் இங்கேயும் உப்பும், அங்கே ஒடுங்கினால் சில வருஷம் தள்ளி இங்கேயும் ஒடுங்கும். 1931இல் தமிழ் சினிமா 'காளிதாஸ்' படத்தில் பேசத் தொடங்கியது. அதற்குப் பிறகு லண்டனைப் பார்க்கவேண்டியதில்லை, தியேட்டரைப் பார்த்தால் போதும். முப்பது, நாற்பதுகளில் எடுத்த குடும்பப் படங்களைப் புரட்டினால் மூத்த பெண்களுக்கு ஒட்டிய கை, கல்யாணமாகாதவர்களுக்கு உப்பிய கை. ஒரே வரிசையில் இரண்டு தலைமுறை.

புஃப் கை தைப்பது சும்மா இல்லை. கைத்துணியை இரண்டு மடங்கு அகலமாக வெட்டவேண்டும். தோள்பட்டையில் ஒரு சுருக்கு, கையோரத்தில் ஒரு சுருக்கு. உள்ளே விறைப்பாக ஒரு துணி கொடுக்காவிட்டால் முதல் சலவையிலேயே தொங்கிப்போகும். எனக்குத் தைக்கிறவர் புதுமண்டபத்துக் கை. "அக்கா, உங்க ஒரு ரவிக்கைக் கை தைக்கிற நேரத்துல ரெண்டு ரவிக்கைய முடிச்சிருவேன்" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். ஒவ்வொரு தடவையும் தைத்தும் கொடுப்பார். யுத்தகாலத்தில் துணிக்குப் பஞ்சம் வந்து, 1943இல் பருத்தித் துணிக்கும் நூலுக்கும் அரசாங்கம் கட்டுப்பாடு கொண்டுவந்தது. துணி அளந்து கிடைக்கிற காலத்தில் இரண்டு மடங்கு அகலத்துக்கு எங்கே போவது? அந்தக் கை ஒடுங்கியதில் ரசனைக்கு எவ்வளவு பங்கோ, ரேஷனுக்கும் அவ்வளவு பங்கு உண்டு என்பது என் கணிப்பு.

இனி அம்மாவின் கொண்டை. அம்மா கல்லூரிக்குப் போனது அறுபதுகளில். முதல் வருஷப் படத்தில் இரட்டைச் சடை, மடித்து ரிப்பன் கட்டியது. கடைசி வருஷப் படத்தில் உச்சியில் நாலு விரல்கடை உயரத்துக்குக் கொண்டை. நடுவில் என்ன நடந்தது என்றால், சிகாகோவில் ஒன்று நடந்தது. அங்கே அழகு நிலையம் வைத்திருந்த மார்கரெட் வின்சி ஹெல்ட் என்கிற பெண்மணியிடம் ஒரு தொழில் பத்திரிகை புதுசாக ஒரு சிகையலங்காரம் கேட்டது. தன்னிடமிருந்த சின்னக் குல்லாய் ஒன்றின் வடிவத்தை மனசில் வைத்து அவர் 1960இல் செய்து காட்டியதுதான், உலகமெல்லாம் தேன்கூடு என்று பேர் வாங்கிய அந்த உயரக் கொண்டை. கொஞ்ச காலத்தில் அது கோடம்பாக்கத்துக்கு வந்துவிட்டது. சரோஜாதேவியின் தலையில் ஏறியது. 1964இல் ஸ்ரீதர் ஈஸ்ட்மன் கலரில் எடுத்த 'காதலிக்க நேரமில்லை'யில் வந்த காஞ்சனா நடிக்க வருமுன் விமானப் பணிப்பெண்ணாக இருந்தவர். புது மோஸ்தர் அவருக்குத் தனியாகச் சொல்லிக்கொடுக்கவேண்டிய விஷயமாக இருந்திருக்காது. அம்மா கொண்டையோடு லீவுக்கு ஊருக்கு வந்து இறங்கியபோது, அத்தையாக இருந்து பின்னாளில் மாமியாரான அப்பத்தா கேட்டதாம்: "உச்சந்தலையில என்னடி, காக்கா கூடா?"

அமெரிக்கக்காரிகள் முடியைப் பின்பக்கமாக எதிர்வாரு வாரி, சிக்காக்கி, அந்தச் சிக்கை மேலே குவித்து, ஸ்ப்ரே அடித்து நிறுத்தினார்கள். தேங்காய் எண்ணெய் ஊறிய முடியில் அந்த வித்தை பலிக்காது, வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். நம்மவர்கள் அதற்குச் சவுரியைக் கொண்டு வழி கண்டார்கள். சடை எலிவாலாக இருந்தால் சேர்த்துப் பின்னுவதற்காக வீட்டில் எப்போதும் கிடந்த சாமான். அதைச் சுருட்டி, வலைக்குள் அடைத்து, உச்சியில் வைத்து நாலு பக்கமும் ஊசி குத்திவிட்டுச் சொந்த முடியை அதன்மேல் படிய வாரினால் கொண்டை நிற்கும். வெளியே சிகாகோ, உள்ளே மதுரை. எங்கள் தெருவில் பல வீடுகளில் அப்படித்தான் நின்றது. எண்ணெயை யாரும் கைவிடவில்லை.

அந்தச் சவுரி எங்கேயிருந்து வந்தது? வாரும்போது உதிர்கிற முடியை யாரும் தூர எறிய மாட்டார்கள். விரலில் சுற்றிச் சுவர்ப் பொந்தில் வைப்பார்கள், இல்லாவிட்டால் பவுடர் டப்பாவில் அடைப்பார்கள். தெருவில் வருகிறவர் அதை எடைபோட்டு வாங்கிக்கொண்டு ஊசியோ சீப்போ பாத்திரமோ கொடுப்பார். அந்தச் சிக்கு முடியைச் சிடுக்கெடுத்து, நீளவாரியாகப் பிரித்து, மூன்று பிரியாகக் கட்டினால் சவுரி. தெருவில் பத்துப் பெண்களின் முடி ஒன்றாகி யாரோ ஒருத்தியின் பின்னலில் போய்ச் சேரும். சாதி பார்த்துத் தண்ணீர் கொடுத்த தெருவில்தான் இதுவும் நடந்தது. யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அறுபதுகளின் நடுவில் இந்த வியாபாரம் கடல் தாண்டியது. மேல்நாட்டில் விக் மோகம் தலைக்கேறியிருந்த நேரம். விக் செய்யச் சீனாவிலிருந்து போய்க்கொண்டிருந்த முடியை, கம்யூனிஸ்ட் நாட்டுச் சரக்கு என்று 1965இல் அமெரிக்கா தடை செய்தது. வியாபாரிகளின் பார்வை இந்தியப் பக்கம் திரும்பியது. திருப்பதியிலும் பழனியிலும் மொட்டையடித்துக் காணிக்கையாகச் சேர்ந்த முடிக்குப் புதிய கிராக்கி வந்தது. சென்னை முடி ஏற்றுமதிக்குப் பேர் போன ஊரானது. அம்மா உச்சியில் கொண்டை தூக்கிய அதே வருஷங்களில், நம் முடி நியூயார்க்கிலும் யாரோ ஒருத்தியின் உச்சியில் இருந்திருக்கும். பனிப்போருக்கும் மதுரைக் கொண்டைக்கும் இப்படி ஒரு சொந்தம். இன்றைக்கு நீளமான நல்ல முடி ஏற்றுமதிக்கே போய்விடுகிறது. கடையில் தொங்கும் சவுரியில் பெரும்பாலானது நைலான். வெயிலில் நின்றால் ஒரு மாதிரி மினுங்கிக் காட்டிக்கொடுத்துவிடும்.

பெரியார் இந்தத் தொல்லையே வேண்டாம் என்றார். பெண்கள் முடியைக் கிராப்பு வெட்டிக்கொள்ளுங்கள், நகையை விடுங்கள் என்றார். தலைவாரவும் சிங்காரிக்கவும் போகிற நேரத்தில் ஒரு பெண் எவ்வளவு படிக்கலாம் என்பது நியாயமான கேள்வி. என் மகள் கிராப்பு வைத்திருக்கிறாள். தலைக்குக் குளித்துக் கிளம்ப அவளுக்கு ஆகும் நேரத்தைப் பார்த்தால் எனக்கே பொறாமை. ஆனாலும் சிங்காரிப்பதை ஒரு வேலையாகச் சுமத்தியதுதான் தப்பே தவிர, சிங்காரித்துக்கொள்வது தப்பில்லை என்பது என் கட்சி.

அதற்கு ஒரு சாட்சி சொல்கிறேன்: பூ தைத்த சடை. சித்திரை, வைகாசியில் மல்லிகை மலிந்து கிடக்கும்போது, பள்ளிக்கூட லீவில் பெண்பிள்ளையை உட்கார வைத்துச் சடை நெடுகப் பூத் தைப்பார்கள். மொட்டுகளை வாழைமட்டையில் வரிசையாகத் தைத்துச் சடைமேல் கட்டுவது ஒரு விதம். ஊசி நூலை எடுத்துப் பின்னலிலேயே நேராகத் தைப்பது இன்னொரு விதம். தாழம்பூ கிடைத்தால் மடலை மடித்துத் தைப்பார்கள். அந்த வாசனை பூ வாடின பின்னும் தலையை விடாது. நடுநடுவே கனகாம்பரம், ஓரத்தில் மரிக்கொழுந்து, நுனியில் குஞ்சலம். தைத்து முடிக்க அரைப்பொழுது ஆகும். அதுவரை பிள்ளை அசையக் கூடாது. எங்கள் சித்தி ஒருத்தி, தைக்கும்போது தூங்கி விழுந்து கழுத்தில் ஊசி குத்திக்கொண்ட கதையைக் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

தைத்தாயிற்று, மறுநாள் வாடிவிடும். ஆகவே அன்றைக்கே ஸ்டுடியோ. ஆனால் பெருமையெல்லாம் முதுகில் இருக்கிறது, படம் பிடிப்பதோ முகத்தை. இதற்கு நம்மூர் ஸ்டுடியோக்காரர்கள் கண்டுபிடித்த வழி எனக்கு இன்றைக்கும் வியப்பு. பெண்ணுக்குப் பின்னால் ஆளுயரக் கண்ணாடியைச் சாய்த்து நிறுத்திவிடுவார்கள். அவள் கேமராவைப் பார்த்து நிற்பாள், கண்ணாடியில் சடை முழுசாகத் தெரியும். ஒரே பிரதிக்குக் காசு கொடுத்தால் முன்னும் பின்னும் கிடைத்துவிடும். கண்ணாடியில் கேமராவோ கறுப்புத் துணிக்குள் குனிந்திருக்கும் ஆளோ விழாமல் கோணம் பார்க்கவேண்டும், விளக்கு பட்டுத் தெறிக்காமலும் பார்க்கவேண்டும். சில படங்களில் ஓரத்தில் ஸ்டுடியோக்காரரின் முழங்கை மாட்டிக்கொண்டிருக்கும். தமிழ்நாட்டுப் பழைய வீடுகளில் இந்தக் கண்ணாடிப் படம் இல்லாத ஆல்பம் குறைவு. பெரியமனுஷியான பெண், சீமந்தத்துக்கு நிற்கிற பெண், சும்மா லீவுக்கு வந்த பெண் எல்லாருக்கும் ஒரே நிற்பு. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழ்நாட்டு ஸ்டுடியோப் படங்களைத் தேடிச் சேர்த்து மின்வடிவில் ஆக்கியிருக்கிறது. நல்ல காரியம். ஆளுக்கொரு செல்போன் வந்த பிறகு முதுகைப் படமெடுக்கக் கண்ணாடி எதற்கு? அந்த நிற்பு போய்விட்டது.

நகைக்கு வருவோம், சீக்கிரம் முடித்துவிடுகிறேன். 1963 ஜனவரியில் மத்திய அரசு தங்கக் கட்டுப்பாடு கொண்டுவந்து, 14 காரட்டுக்கு மேல் புதிதாக நகை செய்யக் கூடாது என்றது. மொரார்ஜி தேசாய் நிதியமைச்சர். பொற்கொல்லர் குடும்பங்கள் பல நொடிந்துபோயின. உயிரை விட்டவர்களும் உண்டு. கவரிங் பக்கம் ஜனங்கள் மனசு திரும்ப இந்தக் காலம் ஒரு காரணம். செம்பின் மேல் மெல்லிசாகப் பொன் ஏற்றிய நகைகளுக்குச் சிதம்பரம் பேர் வாங்கியது. என் அட்டிகையும் ஜிமிக்கியும் கவரிங்தான். "ஒரிஜினலா?" என்று கேட்பவர்களிடம், "ஒரிஜினல் கவரிங்" என்பேன். ஸ்டிக்கர் பொட்டு விஷயத்தில் மட்டும் நான் பழசுக்குத் துரோகி. மதுரை வெயிலில் சாந்து மூக்கு வரை வழிந்துவிடும்.

சேலையிலும் எனக்கும் அம்மாவுக்கும் ஒத்துப்போகாது. வேலைக்குப் போன அம்மாவுக்கு நைலக்ஸ் வந்தது விடுதலை. அலசிப் போட்டால் சமைத்து முடிப்பதற்குள் காயும், இஸ்திரி வேண்டாம், சாயம் போகாது. சென்னையில் பர்மாவிலிருந்து திரும்பியவர்களுக்காக 1969இல் பர்மா பஜார் வந்ததும், யார் பட்டணம் போனாலும் 'ஃபாரின் சேலை' கேட்பது வழக்கமானது. சுங்குடி அப்போது அம்மாவுக்குக் கிழவிச் சேலை. சௌராஷ்டிரப் பெண்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, துணியை நகத்தால் கிள்ளிக் கிள்ளி நூலால் முடிந்து, சாயத்தில் முக்கி எடுத்து, ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் புள்ளி எடுத்த காலம் தேய்ந்துகொண்டிருந்தது. 2005இல் புவிசார் குறியீடு வந்தது. இன்றைக்கும் கடையில் சுங்குடி என்று விற்பதில் நிறைய அச்சுப் புள்ளிதான். முடிந்த புள்ளி ஒன்றுபோல் ஒன்று இருக்காது, தொட்டால் கொஞ்சம் மேடு தட்டும். அதைத் தடவிப் பார்க்காமல் நான் வாங்குவதில்லை. நான் சுங்குடி கட்டிக்கொண்டு நின்றால் அம்மா, "நான் எதுல இருந்து தப்பிச்சேனோ அதைக் காசு குடுத்து வாங்கியிருக்கா பாரு" என்பாள்.

அம்மாவின் உயரக் கொண்டையை நான் பல வருஷம் வைத்துக்கொண்டிருந்தேன். 2015 ஜூலையில் உயர் நீதிமன்றம் சொன்னபடி இரு சக்கர வண்டிக்கு ஹெல்மெட் கட்டாயமாயிற்று. என் 1964 அன்றோடு முடிந்தது. கொண்டைக்கு மேல் ஹெல்மெட் உட்காராது. ஹெல்மெட்டுக்குள் கொண்டை உட்காராது. ஆண்டாள் கொண்டையாகப் பக்கவாட்டில் சாய்த்தும் பார்த்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் எடுபடுவது சிக்னலில் எடுபடவில்லை. கடைசியில் இருபது வருஷம் பின்னால் போய், நாற்பதுகளின் பிடரிக் கொண்டைக்கு வந்து சேர்ந்தேன். ஹெல்மெட்டின் பின்விளிம்புக்குக் கீழே கச்சிதமாக நிற்கிறது.

எங்கள் கிளையில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, "மேடம், நீங்க வண்டியிலதான வர்றீங்க, எப்பிடிக் கலையாம இருக்கு?" என்று கேட்டாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவளுக்குக் கட்டிக் காட்டினேன். முடி தோளுக்குக் கொஞ்சம் கீழேதான், அது போதும். காதுக்கு நேராகச் சேர்த்தால் உயரம் அதிகம். சோணைக்கும் கீழே இறக்கிச் சேர்க்கவேண்டும். சவுரியைச் சுருட்டாமல் பரத்தி வைக்கவேண்டும். யூ பின்னைத் தலையைப் பார்த்துக் குத்தக் கூடாது; முதலில் வெளிப்பக்கம் பார்த்து, கொண்டையில் நாலு முடியைப் பிடித்துக்கொண்டு, பிறகு திருப்பி உள்ளே தள்ளவேண்டும். நாலு பின் போதும், அதற்கு மேல் குத்தினால் தலைவலி. பூ வைப்பதென்றால் வண்டியை நிறுத்திவிட்டு ஆபீஸ் வாசலில் வைத்துக்கொள் என்றேன்.